காட்டுக்கோழிக்காக ஒரு கூடாரம்: தரையில் ஒளிந்திருந்து படமெடுப்பது எப்படி

என்னிடம் இருக்கும் கூடாரம் மான் வேட்டைக்காரர்களுக்காகத் தைத்தது. அமெரிக்காவில் வெண்வால் மான் வரும் வழியில் தரையில் விரித்து, உள்ளே உட்கார்ந்துகொள்வார்கள். 'கிரவுண்ட் பிளைண்ட்' என்று பெயர். நான் ஆன்லைனில் 280 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் உள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் அதை விரித்து நான் காத்திருப்பது மானுக்கு இல்லை, காட்டுக்கோழிக்கு, அதுவும் கேமராவோடு. இங்கே 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வேட்டைக்குப் போக பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். படமெடுக்கிறவனுக்கு அந்தத் தலைவலி இல்லை.

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். புதுக் கூடாரம், இலை அச்சுப் போட்ட நல்ல துணி, இரண்டு நாள் காலையில் உட்கார்ந்தும் ஒரு பெட்டைகூட வரவில்லை என்றான். மூன்றாம் நாள் நானும் போய், கோழி வரும் இடத்தில் நின்று பார்த்தேன். நான்கு பக்க ஜன்னலையும் திறந்து வைத்திருந்தான். பின் ஜன்னல் வெளிச்சத்தில் அவன் தலையும் கையும் தோல்பாவைக் கூத்துத் திரையில் ஆடுவதுபோல் அப்படியே தெரிந்தன. துணியின் அச்சைப் பார்த்துக் காசு கொடுக்கிறோம், ஆனால் நம்மை மறைப்பது உள்ளே இருக்கும் இருட்டுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கூடாரம் வாங்கும்போது

உள்பக்கம் கறுப்புப் பூச்சு இருக்க வேண்டும். வெயிலில் ஒருவரை உள்ளே உட்கார வைத்து வெளியிலிருந்து பாருங்கள், நிழல் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். பளபளப்பும் ஆகாது. ஒருவருக்கு ஒன்றரை மீட்டர் சதுரம் போதும். புதுத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் வாடை இருக்கும், இரண்டு மூன்று நாள் வெளியே காயவிடுங்கள். அழுக்கானால் வெறும் தண்ணீரில் அலசுங்கள், சவுக்காரத்தூள் போடாதீர்கள். துணியை வெளுப்பாகக் காட்ட அதில் சேர்க்கும் பொருள், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக மின்னும். மானுக்கு நிறம் பார்க்கும் கூம்பணுக்கள் இரண்டு வகைதான், சிவப்பும் ஆரஞ்சும் அதற்குச் சரியாகப் பிடிபடாது, நீலம் மட்டும் நன்றாகத் தெரியும். நமக்கு மூன்று வகை. கோழிக்கு நான்கு. நிற விஷயத்தில் மானை ஏமாற்றலாம், கோழியை ஏமாற்றுவது கஷ்டம்.

தோட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். முதல் தடவை யாரிடமும் கேட்காமல் போய் உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்கு ஜிப்பை வெளியிலிருந்து யாரோ இழுத்துத் திறந்தார்கள். பார்த்தால் ஜாகா, அதாவது தோட்டக் காவலாளி, கையில் கம்பு. செம்பனைக் குலை திருடும் ஆள் ஒளிந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. குலைத் திருட்டு உள்ள இடத்தில் விடிவதற்கு முன்னாலேயே வந்து ஓலைக்குள் பதுங்கியிருப்பவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? இப்போது மானேஜரிடம் அனுமதி வாங்கிவிட்டு, எந்த வரிசையில் இருப்பேன் என்று மண்டோரிடமும் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தப் பக்கம் குலை வெட்டுகிறார்களா, மருந்து அடிக்கிறார்களா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

இடம் பிடித்தல்

முதல் நாள் கூடாரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். சும்மா நடந்து பாருங்கள். கோழி கிளறிய மண், எச்சம், உதிர்ந்த இறகு, செம்பனை வரிசை முடிந்து புதர் தொடங்கும் ஓரம், வாய்க்கால் கரை. கோழி பெரும்பாலும் பழகிய பாதையில்தான் வெளியே வரும். அந்தப் பாதையிலிருந்து 15 மீட்டர் தள்ளிக் கூடாரம். 400 எம்எம் லென்ஸில் அந்தத் தூரத்தில் ஒரு சேவல் படத்தை நன்றாகவே நிறைத்துவிடும்.

அடுத்தது வெயிலும் காற்றும். இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள், நானும் குழம்பியிருக்கிறேன். காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால்தான் சேவலின் கழுத்து இறகில் அந்தப் பொன் நிறம் எழும். அதனால் கூடாரம் கிழக்கே, ஜன்னல் மேற்கே. ஆனால் நிபோங் திபால் இருக்கும் நம் செபராங் பிறையில் கடலும் மேற்கேதான். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும், வெயில் ஏறியபிறகுதான் கடல் காற்று திரும்பி வரும். அதாவது காலையில் உங்கள் வாடை நேராக நீங்கள் பார்க்கும் பக்கமே போகிறது. மான் வேட்டைக்காரர் யாரும் அப்படி உட்கார மாட்டார். மானுக்கு மூக்குதான் முதல் காவல், அதனால் காற்று தன் முகத்தில் அடிக்கும்படிதான் அவர் உட்காருவார். கோழி கண்ணையும் காதையும் நம்புகிற பிராணி, அதனால் நான் காற்றை விட்டுவிட்டு வெயிலுக்கு இடம் பார்க்கிறேன். காட்டுப்பன்றியோ சருகுமானோ வேண்டும் என்றால் அப்படியே மாற்றிப் போடுங்கள்: வெளிச்சம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, காற்று உங்கள் பக்கம் வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் முகப்பவுடரைத் தட்டிவிட்டுப் பாருங்கள், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

கூடாரத்துக்குப் பின்னால் வானம் தெரியக் கூடாது. மேட்டில் தனியாக நிறுத்தினால் எவ்வளவு ஓலை வைத்தாலும் பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். ஒரு செம்பனை மரத்தையோ புதரையோ முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைத்தல்

தோட்டத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவில் குவியல் குவியலாகப் போட்டிருப்பார்கள். கோழிக்கு அது பழகிய காட்சி. நம் கூடாரமும் அப்படி ஒரு குவியலாகத் தெரிந்தால் போதும். அதனால் பச்சை மட்டையை வெட்டாதீர்கள். தோட்டக்காரருக்கும் பிடிக்காது, குவியலோடும் ஒட்டாது. காய்ந்து பழுப்பேறியதை எடுங்கள். தடித்த கையுறை கட்டாயம், மட்டையின் அடிப்பக்க முள் குத்தினால் இரண்டு நாள் விரல் வீங்கும். தூக்குவதற்கு முன்னால் ஒரு கம்பால் தட்டிவிடுங்கள். எலி இருக்கும் இடத்தில் நாகமும் இருக்கும்.

மட்டையைச் சுற்றிலும் சமமாகச் சாத்தினால் ஓலைக் குடிசை மாதிரி ஆகிவிடும். நாம் உடைக்க வேண்டியது கூடாரத்தின் நேர்க்கோடுகளை: நான்கு மூலை, கூரையின் விளிம்பு, தரையைத் தொடும் அடிக்கோடு. மூலைக்கு இரண்டு மட்டை, ஒன்று நெட்டாக, ஒன்று சாய்வாக. கூரைமேல் நுனி வெளியே தொங்கும்படி மூன்று நான்கு ஓலை. அடியில் சருகும் லாலாங் புல்லும். லாலாங் இரண்டே நாளில் வெளுத்துவிடும், அதை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லென்ஸுக்கு முன்னால் காற்றில் ஆடும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கட்டியதும் கோழி வரும் இடத்துக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து பாருங்கள், கோழியின் கண் உங்கள் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

மான் வேட்டைக்காரர்கள் பிளைண்டை முன்கூட்டியே நிறுத்தி, மான் பழகும்வரை விட்டுவைப்பார்கள். நம் ஊரில் ஒரு வாரம் விட்டுவைத்தால் கூடாரம் இருக்காது. அதனால் நான் கண்டுபிடித்த வழி: கூடாரம் நிற்கப்போகும் இடத்தில் வெறும் மட்டைக் குவியலை ஒரு வாரம் முன்பே போட்டுவிடுவது. கோழி அதைச் சுற்றி மேயப் பழகிவிடும். குறித்த நாளில் இருட்டோடு போய், குவியலை விலக்கிக் கூடாரத்தை உள்ளே நிறுத்தி, அதே மட்டைகளால் மூடிவிடுகிறேன். மட்டையைக் கண்டு யாரும் ஆசைப்படுவதில்லை.

இன்னொன்றும் அவர்களிடம் கற்றதுதான். அமெரிக்காவில் பல மாநிலங்களில் துப்பாக்கி சீசனில் பிளைண்டின் வெளியே ஆரஞ்சுத் துணி கட்ட வேண்டும், உள்ளே ஆள் இருப்பது மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரிய வேண்டுமே. இங்கே குண்டு பயம் இல்லை, ஆனால் குலை ஏற்றும் டிராக்டர் உண்டு. ஓலை மூடிய கூடாரம் டிராக்டர் ஓட்டுகிறவருக்கும் ஓலைக் குவியல்தான்! பாதைப் பக்கம், கோழிக்குத் தெரியாத பின்புறத்தில், ஆரஞ்சுத் துணி ஒன்று கட்டுங்கள்.

முளையை நன்றாக அடித்து, கயிற்றை ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் திடீரென்று சுமத்ரா காற்று வரும். ஒருமுறை நான் தண்ணீர் குடிக்க மோட்டார் சைக்கிளுக்குப் போன ஐந்து நிமிடத்தில் என் கூடாரம் வாய்க்காலில் மிதந்தது.

உள்ளே

பின் ஜன்னல், பக்க ஜன்னல் எல்லாம் மூடல். முன்னால் ஒன்று மட்டும், அதுவும் லென்ஸ் நுழைகிற அளவுக்கு. உள்ளே உட்காருகிறவருக்கு இலை அச்சுச் சட்டை எதற்கு? கறுப்பு முழுக்கை டீசட்டை, கறுப்பு முகமூடி, கறுப்புக் கையுறை. முகமும் கையும்தான் இருட்டில் வெளுப்பாகத் தெரியும். போன் வெளிச்சமும் அப்படித்தான், கவிழ்த்து வையுங்கள். ஜன்னலை ஒட்டி உட்காராமல் பின்னால் தள்ளி உட்காருங்கள். தரையில் காய்ந்த ஓலை ஒன்றுகூட விடாமல் பெருக்கிவிடுங்கள், கால் மாற்றினால் அது அப்பளம் மாதிரி நொறுங்கும். கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஆறேகால் மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். நேரமாகிவிட்டால் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய், அவர் மட்டும் சத்தமாகத் திரும்பிப் போகட்டும். பல பறவைகள் ஆள் போய்விட்டான் என்று நம்பிவிடும். காக்கையிடம் மட்டும் எனக்கு இது பலித்ததில்லை.

வெயில் ஏறினால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, சத்தம் போடாத சாப்பாடு. நாசி லெமாக் பொட்டலத்தின் காகிதத்தை வீட்டிலேயே பிரித்து டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

சேவல் வரும்போது முதலில் சத்தம்தான் வரும், சருகை இரண்டு தடவை கிளறிவிட்டு ஒரு நிறுத்தம். உடனே கேமராவைத் திருப்பாதீர்கள். தலை தரைக்குப் போகும்போது திருப்புங்கள், தலை நிமிர்ந்தால் கல் மாதிரி இருங்கள். காலைக் கவனியுங்கள்: சாம்பல் நிறக் கால் என்றால் காட்டுக்கோழி, மஞ்சள் கால் என்றால் பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கோழியின் ரத்தம் கலந்திருக்கும். போன வாரம் எனக்கு வந்தது ஜன்னலுக்கு நான்கு மீட்டரில் நின்று, என் லென்ஸ் கண்ணாடியையே ஒரு பக்கக் கண்ணால் பார்த்தது. அவ்வளவு கிட்டத்தில் 400 எம்எம்மில் முழு உடம்பும் அடங்கவில்லை, தலையும் கழுத்தும்தான் பெரிதாக நின்றன. எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

கூட்டுக்கோ முட்டைக்கோ அருகில் மட்டும் கூடாரம் போடாதீர்கள். வேலை முடிந்ததும் கோழிகள் விலகிப் போகும்வரை வெளியே வராதீர்கள், ஒருமுறை நீங்கள் வெளிவருவதைப் பார்த்துவிட்டால் அந்தக் குவியல் பக்கம் பல நாள் வராது. மட்டைகளைப் பழையபடி போட்டுவிட்டு, கூடாரத்தை உதறி மடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி விரித்துக் காயவைக்க வேண்டும், நம் ஊர் ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் அதற்கு இடம் கிடையாது. போன தடவை அதிலிருந்து இறங்கிய எறும்பு அம்மாவின் காயப்போட்ட புடவையில் ஏறிவிட்டது, அதிலிருந்து கார் ஷெட்தான்.