ஒரே குளியலறை, மூன்று தலைமுறை: குளியல் சச்சரவைத் தீர்க்கும் வழிகள்

தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில் இருந்தால், காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் குளியலறை வாசலில் ஏதாவது ஒரு சச்சரவு எழாமல் இருக்காது. குளிக்காமல் அடுப்பங்கரைக்குள் நுழையாதே என்று பாட்டி சொல்வார். பல் தேய்த்துவிட்டேனே, அது போதாதா என்று பேத்தி கேட்பாள். இரவில் அரை மணி நேரம் ஷவரில் நின்றுவிட்டுக் காலையில் முகம் மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பும் பேரன், தாத்தாவின் கண்ணுக்குக் குளிக்காத பிள்ளைதான். அதே தாத்தா ஒரு வயதுக்குமேல் தாமே குளிக்க மறுக்கத் தொடங்கும்போது, குறை சொல்லும் முறை மற்றவர்களுக்கு வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் இத்தனையும் நடந்தது. மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் பல ஆண்டுகள் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொண்டபோது செய்த தவறுகளிலிருந்து நான் கற்றுக்கொண்ட வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன். ஒருவர் குளிக்கும் முறையைத் தீர்மானிப்பவை அவர் வளர்ந்த ஊரின் தண்ணீரும் அவருடைய இப்போதைய உடம்பும்தான். இவ்விரண்டையும் கேட்டறியாமல் யாரையும் சுத்தமில்லாதவர் என்று சொல்லக் கூடாது என்பதே அவற்றின் அடிப்படை.

முதலில் கேட்டறியுங்கள்

பேச்சைக் குளியலறை வாசலில் தொடங்காதீர்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாலையில், "உங்கள் ஊரில் எப்படிக் குளிப்பீர்கள்?" என்று பெரியவர்களிடம் கேளுங்கள். என் மாமனார் அம்பாசமுத்திரத்துக்காரர். தாமிரபரணிப் படித்துறையில் முங்கிக் குளித்து வளர்ந்தவர். ஓடும் தண்ணீரில் தலை முங்கினால்தான் அவருக்குக் குளியல். வாளியில் பிடித்த தண்ணீரைச் செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதை அவர் உடம்பை நனைப்பதாகத்தான் கருதினார். மாமியாருக்குக் கிணற்றடிதான் பழக்கம். ஒரு குடம் தண்ணீருக்கு எத்தனை இழுப்பு என்று கை அறிந்தவர் ஆகையால், ஷவரைத் திறந்துவிட்டபடியே சோப்புப் போடும் பேரனைக் கண்டால் பதறிப்போவார். அவருடைய பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை தண்ணீர் கொட்டுகிறது. பத்து நிமிடம் நின்றால் நான்கைந்து வாளி போய்விடும், ஆனால் வாளியில் பிடித்துக் குளிப்பவருக்கு ஒன்றிரண்டு வாளியே போதும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு 2019 கோடையில் சென்னை தண்ணீர் லாரிக்குக் காத்துநின்றதைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டினால், பாட்டியின் சிக்கனம் அவர்களுக்குக் கஞ்சத்தனமாகத் தெரியாது.

தலைக்குக் குளிப்பதிலும் இதே கதைதான். சீயக்காய் இடித்து, சலித்து, கஞ்சியில் கரைத்துத் தேய்த்து, நீண்ட கூந்தலை வெயிலில் உலர்த்தி முடிக்க அரை நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை, இரு முறை என்று வழக்கம் அமைந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டிய பிறகு, 1980களில் பெட்டிக்கடை வரைக்கும் அந்தப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. நினைத்த நாளில் தலைக்குக் குளிப்பது அதனால்தான் எளிதாயிற்று. பேத்தி நாள்தோறும் தலைக்கு ஊற்றிக்கொள்வதும் பாட்டி வெள்ளிக்கிழமைக்குக் காத்திருப்பதும் அவரவர் காலத்து வசதியிலிருந்து வந்தவை.

எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது

அடுத்ததாக, ஒரு பழக்கம் உடம்புக்குக் கேடு தருகிறதா, வீட்டில் மற்றவருக்குக் கேடு தருகிறதா, அல்லது நம் கண்ணுக்கு மட்டும்தான் பிடிக்கவில்லையா என்று பாருங்கள். காலையில் குளிப்பதா இரவில் குளிப்பதா, ஒரு வேளையா இரு வேளையா, சீயக்காயா ஷாம்பூவா என்பவை மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வந்ததும் வாசலிலேயே கால் கழுவிக்கொண்டு உள்ளே வரும் பெரியவர்களின் பழக்கத்தைப் பிள்ளைகள்தாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, கை கழுவுவது. நாள் தவறாமல் குளிக்கும் முதியவர்கள்கூட, கழிப்பறைக்குப் போய்வந்து வெறும் தண்ணீரில் கையை அலசிக்கொள்வதோடு நிறுத்திவிடுவது உண்டு. சோப்பு என்பது அவர்களுக்குக் குளிக்கும்போது போடும் பொருள். சமைக்கும் முன்பும் உண்ணும் முன்பும் கழிப்பறைக்குப் போய்வந்த பின்பும் விரலிடுக்கு, நகக்கண் வரை சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது பொறுமை தேவை. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவ வார்டுக்குள் வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்ததும் தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. அப்படியும் அவருடைய காலத்து மருத்துவர்கள் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். படித்த மருத்துவர்களே அப்படி இருந்தபோது, பாட்டி ஒரே நாளில் மாறவில்லை என்று கோபித்துக்கொள்வது முறையன்று.

மற்றொன்று துண்டு. ஒரே துண்டால் வீட்டில் எல்லோரும் துவட்டிக்கொள்வதை நெருக்கத்தின் அடையாளமாகப் பெரியவர்கள் நினைப்பது உண்டு. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்த படர்தாமரை, அந்த ஒற்றைத் துண்டின் வழியாக மூன்று பேருக்குப் பரவியது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்ததால் அரிப்பு அடங்கியதுபோல் இருந்து, பின்னர் இரண்டு மடங்காகக் கிளம்பியது. தோல் மருத்துவரிடம் மூவரும் சேர்ந்து மருத்துவம் பார்த்து, ஆளுக்கொரு துண்டு என்று பிரித்து, வெயிலில் உலர்த்தத் தொடங்கிய பிறகே அது தீர்ந்தது.

குளிக்க மறுக்கும் முதியவர்

வாழ்நாள் முழுவதும் விடியற்காலையில் குளித்த என் மாமனார், 78 வயதில் "நாளைக்குக் குளிச்சுக்கிறேன்" என்று தள்ளிப்போடத் தொடங்கினார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்றே நினைத்தோம். என் கணவர் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டார். ஒரு நாள் காலையில் தற்செயலாகப் பார்த்தேன். குளியலறை நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார். நான்கு விரல் உயரமுள்ள வாசற்படியைத் தாண்ட வலது காலைத் தூக்கினார். உள்ளே ஈரமாகப் பளபளத்த தரையைப் பார்த்தார். காலைத் திரும்ப வைத்துக்கொண்டார். இரண்டாம் முறையும் அப்படியே செய்துவிட்டு, தோளில் கிடந்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார். பத்து நாளுக்குமுன் உள்ளே வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, முதியவர் குளிக்க மறுத்தால் முதலில் தரையைப் பாருங்கள். வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் கனத்தைத் தாங்காது என்பதால், சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி ஒன்றை உட்காரும் இடத்துக்கு அருகில் பொருத்துங்கள். அகலமான கால்களுடைய நாற்காலி ஒன்றையும், குனியாமல் மொள்ளும்படி வாளியை வைக்க இன்னொரு முக்காலியையும் போடுங்கள். கதவை உள்ளே தாழிட வேண்டாம் என்று சொல்லி, வேறு யாரும் நுழைய மாட்டார்கள் என்ற உறுதியையும் கொடுங்கள். எல்லோரும் குளித்து ஈரமாக்கிய பிறகு அவரை அனுப்பாமல், தரையைத் துடைத்துவிட்டு, வெயில் ஏறிய 11 மணிக்கு அனுப்புவது நல்லது. குளிர்தான் பாதித் தயக்கத்துக்குக் காரணம்.

வாளியில் முதலில் பச்சைத்தண்ணீரை ஊற்றி, அதன்பிறகு வெந்நீரைக் கலந்து, உங்கள் முழங்கையால் சூடு பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால், கொப்புளம் வரும் அளவுக்குச் சூடாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகும். வயதானவர்களின் தோலில் எண்ணெய்ப் பசை குறைவு; நாள்தோறும் உடம்பு முழுவதும் சோப்புப் போட்டால் தோல் வறண்டு அரிக்கும். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களில் மட்டும் சோப்புப் போட்டு, ஈரம் முழுவதும் காயும் முன் தேங்காய் எண்ணெயோ மருத்துவர் சொன்ன களிம்போ தடவுங்கள். கால்விரல் இடுக்குகளை மட்டும் நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும். முடியாத முதியவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் முழுக் குளியல் போதும். மற்ற நாள்களில் வெதுவெதுப்பான ஈரத்துணியால் முகத்தில் தொடங்கி, கை, அக்குள், மார்பு, முதுகு, கால் என்று வந்து, இறுதியாகத் தண்ணீரையும் துணியையும் மாற்றிக்கொண்டு மறைவிடங்களைத் துடைத்தால் சுத்தம் கெடாது.

மானம் என்பது இதில் பெரிய விஷயம். யார் குளிப்பாட்டுவது என்பதை அவரே சொல்லட்டும். இடுப்பில் துண்டு இருக்கட்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் கலந்துவைப்பது மட்டும் என் வேலை, ஊற்றுவது என் கணவர். முதல் நாள் மாமா கேட்டது ஒன்றுதான்: "தலையில ஊத்துறப்போ சொல்லிட்டு ஊத்துப்பா." சில நாள் கழித்து அவரே, "மூணு செம்பு விடாம ஊத்து" என்றார். ஆற்றில் முங்கிய நினைவு அது என்று எனக்குப் பட்டது. மறதி நோய் உள்ளவரிடம் குளிக்க வேண்டிய காரணங்களை அடுக்காதீர்கள். கையில் ஒரு செம்பு வெந்நீரைக் கொடுத்து, அடுத்துச் செய்யப்போவதை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யுங்கள். ஒழுங்காகக் குளித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலியோ தொற்றோ மனச்சோர்வோ இருக்கக்கூடும், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எண்ணெய்க் குளியல்

சனி நீராடு என்று ஒளவை சொல்லியிருக்கிறாளே என்பது மாமியாரின் வாதம். பிசுபிசுப்பும் வாடையும் பிள்ளைகளின் எதிர்வாதம். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்ற பழைய கணக்கை வற்புறுத்தாமல், விடுமுறை நாளில் விரும்பியவர் மட்டும் என்று வைத்துக்கொண்டதில் இரு தரப்பும் இறங்கிவந்தன. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட வேண்டாம். பொடுகு உள்ளவர்களுக்கு எண்ணெய் ஊறினால் பொடுகு கூடும், ஏனெனில் அதற்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் வளர்கிறது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது குளித்து முடித்தபின் தரையில் கிடக்கும் எண்ணெய். எண்ணெய் தேய்த்துக் குளித்தவரே சோப்புத்தூளும் வெந்நீரும் விட்டுத் தரையைத் தேய்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக வையுங்கள்.

வளரும் பிள்ளைகள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. வியர்வைக்குப் பெரிதாக வாடை இல்லை; தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதே நாற்றம் எழுகிறது. கழுவாத அக்குளில் வாசனை ஸ்பிரே அடிப்பதால் பயனில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்தி, அதன்பின் விரும்பினால் அடித்துக்கொள்ளட்டும். விளையாடிவிட்டு வந்தால் குளிக்க வேண்டும், உள்ளாடையை நாள்தோறும் மாற்ற வேண்டும் என்பதைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்; சாப்பிடும் இடத்தில் நாலு பேர் முன்னால் மூக்கைப் பொத்திக் காட்டினால் பிள்ளை உங்களிடம் எதையும் கேட்க மாட்டான்.

மாதவிலக்கு நாள்களைப் பற்றிப் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் தாய்தான் நிற்க வேண்டும். தலைக்குக் குளிப்பதும் குளிக்காததும் பேத்தியின் விருப்பம். பிள்ளையை ஒதுக்கி உட்காரவைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள். நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். துணி பயன்படுத்துபவர்கள் அதை யாரும் பார்க்கக் கூடாது என்று இருட்டு மூலையில் உலர்த்துவது தவறு; சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயப்போட வேண்டும்.

கைக்குழந்தை

பிறந்து 24 மணி நேரம் கழித்தே முதல் குளியல் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய்ச் சொட்டு விடுவது, தொப்புளில் எதையாவது வைப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றைத் தயங்காமல் நிறுத்துங்கள்; மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். ஆனால் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்தி, இதமாக எண்ணெய் தடவி, கழுத்து மடிப்பில் அழுக்குத் தங்காமல் வெந்நீர் ஊற்றும் பாட்டியின் கைப்பழக்கம் நமக்கு எளிதில் வராது. அந்த வேலையை அவரிடமே விடுங்கள்.

பல் தேய்ப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உமிக்கரியும் செங்கல்பொடியும் எனாமலைத் தேய்த்துவிடும்; ஃபுளோரைடு உள்ள பற்பசையால் காலையும் இரவும் மென்மையாகத் தேய்ப்பது எல்லா வயதுக்கும் பொருந்தும். பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும்.

இத்தனையும் ஒரே நாளில் மாறாது. நாங்கள் தொடங்கியது குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆறு கொக்கிகள் அடித்து, ஆளுக்கொரு நிறத்தில் துண்டு மாட்டியதில்தான். ஐந்து கொக்கிகள் ஒரே உயரத்தில் இருக்கும். மாமாவுடையது மட்டும், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில், பக்கத்துச் சுவரில் தாழ அடித்திருக்கிறோம்.