வாடிக்கையாளர்களின் பழைய வீடியோ வட்டுக் கோப்புகளை எதில் சேமித்து வைப்பது?

திருமணம், அரங்கேற்றம், அறுபதாம் கல்யாணம் என்று சிங்கப்பூரில் நெடுநாளாகப் படம்பிடித்துவரும் சிறு நிறுவனங்களிடம், டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் ஒப்படைத்த பணிகளின் மூலக் கோப்புகள் ஏராளமாகச் சேர்ந்திருக்கும். கொடுத்த வட்டு தொலைந்தோ கெட்டோ போன பிறகு, மறைந்துவிட்ட தாயையோ தந்தையையோ அந்தக் காட்சியில் மீண்டும் பார்க்க விரும்பி ஒருவர் நம்மைத் தேடி வரலாம் என்பதால், இக்கோப்புகளைக் காப்பது நம் தொழிலின் கடமைகளுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

எதில் சேமிப்பது என்பதற்கு முன், எதைச் சேமிப்பது என்று முடிவுசெய்யுங்கள். வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது வட்டின் அச்சு அசலான நகலாக, எடுத்துவைப்பதே சரி. எம்பி4ஆக மட்டும் மாற்றினால் மெனு போய்விடும், பிரிவுகளும் போய்விடக்கூடும். மறுபடியும் சுருக்குவதால் படத்தின் தரமும் குறையும். இரட்டை அடுக்கு டிவிடி ஒன்று 8.5 ஜிபி கொள்ளும் என்பதால், அவ்வாறு 300 வட்டுகள் முழுமையாக நிரம்பியிருந்தாலும் மொத்தம் ஏறத்தாழ 2.55 டெராபைட்தான் (டிபி). கேமராவில் பதிவான மூலக் காட்சிகளையும் வைத்துக்கொள்வதென்றால் அளவு பன்மடங்காகும். அதைத் தனிக் கணக்காக வையுங்கள்.

எழுதத்தக்க வட்டுகளையே நிரந்தரச் சேமிப்பாக நம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சாதாரண டிவிடி-ஆர் வட்டில் தரவு பதிவது ஒரு கரிமச் சாயப் படலத்தில். வெளிச்சமும் வெப்பமும் ஈரப்பதமும் அதை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. பழைய வட்டு ஒன்றை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பாருங்கள். வெளிவிளிம்பில் புகைபடிந்தாற்போல நிறம் மாறியிருந்தால், அதை இன்றே நகலெடுத்துவிடுங்கள். கனிமப் படலம் கொண்ட எம்-டிஸ்க் இதைவிட உறுதியானது. எனினும் சோனி 2025 பிப்ரவரியில் பதிவுசெய்யத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வட்டு நிலைத்தாலும் அதைப் படிக்கும் கருவி கிடைக்குமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இந்த அளவுக்கு ஏற்றவை ஹார்ட் டிஸ்க்குகளே என்பது என் முடிவு. வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகளாக, அல்லது குறைந்தது வெவ்வேறு காலத்தில் வாங்கியவையாக, இரண்டு டிஸ்க்குகளில் ஒரே உள்ளடக்கத்தை எழுதுங்கள். ஒன்று அலுவலகத்தில் இருந்தால் மற்றொன்று வீட்டிலோ வேறிடத்திலோ இருக்கவேண்டும். ஒரே அலமாரியில் வைத்த இரண்டு நகல்கள் ஒரே தீயில் அழியும். டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறைகளுள் ஒன்றான எஃப்ஏடி32 வடிவமைப்பில் 4 ஜிபியைத் தாண்டும் கோப்பு ஏறாது என்பதால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில், லென்சுகளுக்காக வாங்கிய உலர்பெட்டியிலேயே டிஸ்க்குக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். எஸ்எஸ்டி வேகமானதுதான், ஆனால் மின்னூட்டமாகத் தரவைத் தாங்கும் அது, மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால், அதிலும் வெப்பமான இடத்தில் கிடந்தால், தரவை இழக்கக்கூடும். அலமாரியில் பூட்டிவைப்பதற்கு அது உகந்ததன்று.

காந்த நாடாவைப் பொறுத்தவரை, எல்டிஓ-9 நாடா ஒன்றே 18 டிபி கொள்ளும். ஆனால் அதை எழுதும் கருவிக்குப் பல ஆயிரம் வெள்ளி ஆகும். மூலக் காட்சிகள் பல பத்து டிபியைத் தாண்டும்போது மட்டும் அதைப் பற்றி யோசியுங்கள்.

மூன்றாவது நகலை மேகச் சேமிப்பில் வையுங்கள். அமேசான், கூகல் ஆகிய இரண்டுக்கும் சிங்கப்பூரிலேயே தரவு மையங்கள் உள்ளன. அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் போன்ற, அரிதாகவே எடுக்கும் கோப்புகளுக்கான குளிர்ச் சேமிப்பில் மாதக் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அதில் 180 நாள்களுக்குள் கோப்பை அழித்தாலும் அந்தக் காலத்துக்கான கட்டணம் உண்டு. கோப்பைத் திரும்பப் பெறப் பல மணி நேரம் ஆகும். பதிவிறக்கத்துக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஆகவே இதை இரண்டு டிஸ்க்குகளும் கைவிட்ட நாளுக்கென்று வையுங்கள். கணினியில் அழித்தால் இணையத்திலும் அழிந்துவிடும் ஒத்திசைவுக் கோப்புறையை மூன்றாவது நகலாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

எந்தச் சேமிப்பைத் தேர்ந்தாலும், சோதிக்காத நகலை நகல் என்று கருதவேண்டாம். ஐஎஸ்ஓ கோப்பை உருவாக்கிய அன்றே, கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 குறியீட்டைக் கணக்கிட்டு, 64 எழுத்துகள் கொண்ட அந்த வரியை வாடிக்கையாளர் எண், நிகழ்ச்சி நாள் ஆகியவற்றோடு ஓர் உரைக்கோப்பில் எழுதிவையுங்கள். ஆண்டுக்கொரு முறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கோப்பு பழையபடி இல்லை என்று பொருள், உடனே மற்ற நகலிலிருந்து மாற்றுங்கள். டிஸ்க்குகளைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதியவற்றுக்கு மாற்றுவதையும் இந்தச் சோதனையோடு சேர்த்துச் செய்யலாம்.

எத்தனை காலம் வைத்திருப்பது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் ஆண்டுக் கணக்கு எதையும் விதிக்கவில்லை. ஆனால் தொழிலுக்கோ சட்டத்துக்கோ தேவையற்றுப்போன தகவலை ஒரு நிறுவனம் தொடர்ந்து வைத்திருக்கக்கூடாது என்கிறது. முகமும் பெயரும் தெரியும் குடும்பக் காட்சிகளும் அத்தகைய தகவலே. எனவே காப்புக் காலத்தை வாடிக்கையாளரின் ஒப்புதலோடு குறித்துக்கொண்டு, அது முடிவதற்கு முன் அவருக்கு எழுதி, வேண்டுமென்றால் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே மூன்று நகல்களையும் அழியுங்கள்.