மழைக்கு முன்னால் இடிக்கு ஒதுங்குங்கள்

மழைக்கு ஒதுங்குவது நமக்குப் பழக்கம், இடிக்கு ஒதுங்குவது பழக்கமில்லை. முதல் துளி விழும்வரை வயலிலும் மைதானத்திலும் நின்றுவிட்டு, அப்புறம் ஓடிப்போய் புளியமரத்தடியில் நிற்போம். மின்னல் மழைக்காகக் காத்திருப்பதில்லை, மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும். அதனால் அது எங்கே இருக்கிறது, நம் பக்கம் வருகிறதா என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இடி அதிகம் கேட்பது சித்திரை, வைகாசி கோடை மழையிலும் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதை ஒட்டிய நாட்களிலும்தான். ஆடி, ஆவணியிலும் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு, கடல்காற்று உள்ளே நுழைந்து மேற்கிலிருந்து வரும் காற்றோடு மோதுகிற இடத்தில் மேகம் மளமளவென்று எழும்பி, சாயங்காலமோ இரவோ கொட்டித் தீர்க்கும். மதியத்துக்கு மேல் வானத்தில் காலிஃப்ளவர் மாதிரி மேகம் உயர்ந்து நின்றால் போனை எடுங்கள்.

முதலில் தாமினி செயலி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது, இலவசம். நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுந்திருக்கிறதா என்று காட்டும். கடைசி 5 நிமிடத்தில் விழுந்தது, 10 நிமிடத்துக்குள், 15 நிமிடத்துக்குள் என்று நிறம் பிரித்திருப்பார்கள். அந்த நிறத்தில்தான் விஷயமே இருக்கிறது: பழைய புள்ளிகள் தூரத்திலும் புதியவை உங்கள் பக்கமாகவும் இருந்தால் மேகம் உங்களை நோக்கி வருகிறது. லொகேஷன் அனுமதி கொடுங்கள், பேட்டரி சேமிப்பு என்று செயலியை முடக்கிவிடாதீர்கள், இல்லையென்றால் மழை விட்டபிறகுதான் எச்சரிக்கை வரும். இதோடு வானிலை மையம் அடுத்த 3 மணி நேரத்துக்கு மாவட்டவாரியாகத் தரும் எச்சரிக்கையையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

லைட்னிங்மேப்ஸ் தளமும் உண்டு. தன்னார்வலர்கள் நடத்தும் கருவிகளிலிருந்து தகவல் வருகிறது, ஒவ்வொரு மின்னலிலிருந்தும் இடிச்சத்தம் பரவுகிற வட்டம் வரைபடத்தில் விரியும், அது நம் தெருவைத் தொடுகிற நேரத்தில் ஜன்னல் அதிர்வது தனி சுவாரசியம். ஆனால் நம் பக்கம் கருவிகள் குறைவு, பல மின்னல்கள் விடுபடும், அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

நெட் இல்லையா, பழைய ரேடியோவில் மத்திய அலையை (மீடியம் வேவ்) போட்டு நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். மின்னல் வெட்டும்போதெல்லாம் கரகரக்கும். கரகரப்பு அடிக்கடி வந்து சத்தமும் கூடினால் நெருங்குகிறது என்று அர்த்தம்.

எதுவுமே இல்லையென்றால் காது போதும். வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே 3 விநாடி என்றால் ஏறக்குறைய 1 கிலோமீட்டர், 30 விநாடி என்றால் 10. உண்மையில் எண்ணிக்கொண்டு நிற்கவே தேவையில்லை, இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள், உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. பாட்டி "அர்ஜுனா, அர்ஜுனா" சொல்லச் சொன்னால் தாராளமாகச் சொல்லலாம், வீட்டுக்குள் நடந்துகொண்டே.

உள்ளே என்றால் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடுகிற கான்கிரீட் வீடு, அல்லது ஜன்னல் ஏற்றிய கார், பேருந்து. பம்புசெட் கொட்டகை, நாலு பக்கமும் திறந்த பஸ் ஸ்டாப், வயல் நடுவே போட்ட குடிசை எல்லாம் மழைக்குத்தான் உதவும். பைக்கிலும் டிராக்டரிலும் இருப்பது வெட்டவெளியில் நிற்பதற்குச் சமம். மரத்தடி மிக மோசம். மரத்தில் இறங்கும் மின்சாரம் பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், நிலத்திலும் பரவும். ஒரே மரத்தடியில் மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பது இதனால்தான், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்பதால் நிலத்தில் பரவும் மின்சாரம் ஒரு கால் வழியே ஏறி உடம்புக்குள் பாய்ந்து மறுகால் வழியே இறங்கும். நாற்று நடுகிறவர்கள் தண்ணீரை விட்டு உடனே ஏற வேண்டும். கூலி போகுமே என்று அவர்களாக ஏறமாட்டார்கள், நிலத்துக்காரர்தான் சொல்லவேண்டும்.

வீட்டில் டிவி, மோடம், இன்வெர்ட்டர் பிளக்கை மேகம் கூடும்போதே பிடுங்கிவிடுங்கள், தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கைத் தொடப் போகாதீர்கள். குளியல், பாத்திரம் கழுவுவது எல்லாம் அப்புறம். செல்போன் மின்னலை இழுக்காது, சார்ஜரில் மாட்டிப் பேசுவதுதான் ஆபத்து.

யாரையாவது மின்னல் தாக்கினால் அவர் உடம்பில் மின்சாரம் தங்காது, பயப்படாமல் தொடலாம். மின்னல் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தால் முடிந்தால் அவரைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்துங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்துங்கள். பலர் விழுந்திருந்தால் முனகுகிறவரிடம் அல்ல, அசையாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். முனகுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. அசையாதவருக்கு இதயம் நின்றிருக்கலாம், உடனே அழுத்தினால் பிழைக்க வாய்ப்புண்டு.