கேமராவும் கூடாரமும்: கொங்கு மலைக்காடுகளுக்கு வருவோருக்குச் சில குறிப்புகள்

மார்கழி நெருங்கினாலே சிங்கப்பூரிலும் டல்லாஸிலும் இருக்கும் என் உறவினர்கள் ஒரே விண்ணப்பத்தை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள்: "அண்ணா, பொள்ளாச்சிப் பக்கம் நல்ல டென்ட் போட்ட எடமாப் பாத்து வைங்க, ரெண்டு நாள் கேமராவோட சுத்தோணும்." இவர்களில் சிலர் கென்யாவின் மசாய் மாராவில் துணிக்கூடாரத்தில் தங்கி, திறந்த வண்டியில் நின்றபடி சிங்கத்தைப் படம் எடுத்துத் திரும்பியவர்கள். அதே ஏற்பாட்டை ஆனைமலையிலும் எதிர்பார்த்து வந்து, முதல் நாளே முகம் வாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி. இங்கே சாலையோரத்து உண்ணிச்செடிக்குப் பின்னால் யானை நின்றால்கூடக் காது அசையும் வரை தெரியாது. காடு வேறு என்பதால் தங்கும் முறையும் படம் எடுக்கும் முறையும் வேறாகின்றன.

முதலில் கூடாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணமும் ஏமாற்றமும் அதில்தான் அதிகம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தினுள்ளும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தினுள்ளும் வனத்துறையின் விடுதிகளில் தங்கலாமே தவிர, ஆப்பிரிக்க விளம்பரங்களில் காண்பதுபோன்ற தனியார் சொகுசுக் கூடாரங்களைத் தேடிப் பயனில்லை. விளம்பரத்தில் 'காட்டுக்குள்ளே கூடாரம்' என்று யாராவது எழுதியிருந்தால், அது பெரும்பாலும் காட்டோரத்துப் பட்டா நிலத்தில் அல்லது தேயிலைத் தோட்டத்து விளிம்பில் அடித்த கூடாரமாகவே இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த நிலம் யானை வழித்தடத்தில் இருக்கிறதா, மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு வேண்டிய 'ஹாகா' அனுமதி இருக்கிறதா, இரவில் காவலுக்கு ஆள் உண்டா, சமையல் கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்பவற்றைப் பணம் கட்டும் முன் கேட்டுவிட வேண்டும். கழிவைப் பற்றிய கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன். பழத்தோலும் மிச்சச் சோறும் கிடக்கும் இடத்துக்குப் பன்றியும் கரடியும் யானையும் தாமாகவே வரும்.

இதை வெறும் அச்சுறுத்தலாக எண்ண வேண்டாம். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், தனியார் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்க வந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதே மாதம் மசினகுடியில், விடுதி ஒன்றிலிருந்து எரியும் டயரை வீசியதில் காயம்பட்ட ஆண் யானையும் இறந்தது. அதற்கு மூன்று மாதம் முன்புதான், 2020 அக்டோபரில், நீலகிரி யானை வழித்தடம் குறித்த தமிழக அரசின் 2010ஆம் ஆண்டு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்து, அத்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு எதிரான நடவடிக்கைக்கு வழிவிட்டிருந்தது. மசினகுடியைச் சுற்றியுள்ள சிகூர் சமவெளியில் இன்றும் யாராவது 'நைட் சஃபாரி' என்று ஜீப்பைக் காட்டினால் ஏற வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது. மாட்டிக்கொண்டால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்களுக்குத்தான் அலைச்சல் அதிகம்.

அப்படியானால் முறையான கூடாரமே இல்லையா என்றால், இரண்டு உண்டு. இரண்டும் அரசுடையவை, இரண்டும் மாநில எல்லைக்கு அப்பால் இருப்பவை, ஆனால் இரண்டுக்கும் நாம் போகும் வழி கொங்கு நாட்டின் வழியேதான். முதலாவது, கேரள வனத்துறை பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் ஆனைப்பாடியில் அமைத்திருக்கும் கூடாரக் குடில்கள். பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும், பேருந்தோ காரோ போகும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாக மட்டுமே செல்கிறது. தங்குமிடம், உணவு, வழிகாட்டியுடன் வேன் பயணம் எல்லாம் ஒரே தொகையில் அடங்கும். கன்னிமாரா தேக்கையும் அங்கேதான் காட்டுவார்கள். அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர் இருக்கும் அந்த மரத்தை எந்த லென்சிலும் முழுமையாக அடக்க முடியாது என்பதால், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி அடிமரத்தை மட்டும் எடுப்பதே நல்லது.

இரண்டாவது, கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பிலிகிரிரங்கன் மலையில் நடத்தும் கே.குடி முகாம். மசாய் மாராவை நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கட்டிலும் குளியலறையும் உள்ள துணிக்கூடாரம், காலையும் மாலையும் திறந்த ஜீப், கூடவே காட்டைத் தெரிந்த வழிகாட்டி என்று நீங்கள் கேட்ட மூன்றும் அங்கே இருக்கின்றன. ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ சத்தியமங்கலம், பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாம்ராஜ்நகர் வழியாகப் போக வேண்டும். இந்தப் பக்கத்தை அயல்நாடு என்று கொங்குக்காரர்கள் எண்ணுவதில்லை. பக்கத்துக் கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 2022 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி அப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருப்பதால், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வழியில்லை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மாலை நான்கு மணிக்குள் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலையேறினால் பதற்றமில்லை. ஆசனூரைத் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச் சாவடிப் பக்கம் கரும்பு லாரிகளுக்காக யானைகள் சாலையில் காத்து நிற்பது அடிக்கடி நடக்கும். படம் கிடைக்கும் என்ற ஆசையில் காரை விட்டு இறங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஓட்டுநர் சொல்லும்வரை பின்னால் நிற்பதே முறை.

தொண்ணூறுகளில் ஊரைவிட்டுப் போனவர்களுக்குச் சத்தியமங்கலம் காடு என்றால் இன்னும் வீரப்பன் நினைவுதான். அவர் 2004 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013இல் அக்காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, இன்று 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமானும் கழுதைப்புலியும் பாறுக் கழுகும் இருக்கின்றன. ஆனால் நினைத்த இடத்துக்கெல்லாம் போய்விட முடியாது, வனத்துறை அனுமதிக்கும் பாதைகள் குறைவு.

எப்போது வருவது என்பதில் பள்ளி விடுமுறை குறுக்கே நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் வருபவர்கள் வால்பாறையில் மழையையும் அட்டையையும் எதிர்பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை அங்கே ஓயாமல் கொட்டும். அதே மாதங்களில் மழைமறைவில் இருக்கும் ஆசனூர், தாளவாடிப் பக்கம் ஓரளவு தெளிவாக இருக்கும் என்பதால், கோடை விடுமுறைக்காரர்கள் வடக்கே திரும்புவது புத்திசாலித்தனம். டிசம்பர், ஜனவரியில் வருபவர்களுக்கு எல்லா இடமும் நன்று. மாசி, பங்குனியில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும், விலங்குகள் தண்ணீரைத் தேடி வெளியே வரும், படத்துக்கு அதைவிட நல்ல காலமில்லை. ஆனால் காட்டுத்தீ அச்சத்தால் சில ஆண்டுகளில் அப்போதுதான் காப்பகத்தை மூடிவிடுவார்கள். 2025 நவம்பரில் கர்நாடகத்தின் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் மனிதர்களைப் புலி தாக்கியதைத் தொடர்ந்து சஃபாரிகள் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. ஆகவே திரும்பப் பெற முடியாத முன்பதிவைச் செய்யாதீர்கள். குலதெய்வக் கோயில் கிடாவெட்டையும் கல்யாணத்தையும் ஒட்டி இரண்டு மாற்று நாட்களை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை சில. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தாலும் ஓசிஐ எனும் வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்கா, சரணாலய நுழைவுக் கட்டணத்தில் இந்தியர்களுக்குரிய தொகையே பொருந்தும். அட்டையைக் காட்டிக் கேட்டால்தான் கிடைக்கும், கேட்காவிட்டால் பல மடங்கு அதிகமான வெளிநாட்டார் கட்டணத்துக்கு ரசீது போட்டுவிடுவார்கள். வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை விடுதியார் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்பதால், கடவுச்சீட்டை மாமா வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு மலையேற வேண்டாம். நீலகிரிக்கு 2024 மே முதலும், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதலும் இ-பாஸ் வேண்டும். அதைக் காரில் புறப்படும் முன்பே இணையத்தில் எடுத்துவிடலாம்.

டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 முதல் தடை இருக்கிறது, காப்பகத்தின் மேல் பறக்கவிடுவதும் குற்றம். அமெரிக்காவில் மலையேறுபவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் செயற்கைக்கோள் செய்திக் கருவிகளும் இங்கே அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாதவை. விமான நிலையத்தில் பையில் அது கிடைத்ததற்காகவே சிலர் காவல் நிலையம் வரை போயிருக்கிறார்கள். வீடியோ எடுத்து வருமானம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வனத்துறையிடம் முன்னரே தனி அனுமதி வாங்க வேண்டும்.

இனி படத்துக்கு வருவோம். டாப்சிலிப்பிலும் பரம்பிக்குளத்திலும் வனத்துறை வேனில்தான் உள்ளே போக முடியும், சொந்தக் கார் ஓரிடத்தில் நின்றுவிடும். வேனில் முக்காலி விரிக்க இடமில்லை. அதனால் நான் சொல்லும் யுக்தி, வெறும் பீன்பேக் உறை ஒன்றை மட்டும் பெட்டியில் எடுத்து வந்து, பொள்ளாச்சிக் கடைவீதியில் இரண்டு கிலோ கொள்ளு வாங்கி நிரப்பிக்கொள்வது. சன்னல் விளிம்பில் அதைப் போட்டு லென்சைச் சாய்த்தால், ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தபின் அசைவே இருக்காது. விமானத்தில் எடையும் மிச்சம்.

600 மில்லிமீட்டர் லென்சைச் சுமந்து வருபவர்கள் இங்கே வருந்துவார்கள். விலங்கு தென்பட்டால் பெரும்பாலும் முப்பது, நாற்பது அடியிலேயே மூங்கிலுக்கு நடுவில் தென்படும். 100-400 போதும், 70-200 எஃப் 2.8 இருந்தால் இன்னும் நல்லது. வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓவை 3200க்கோ 6400க்கோ ஏற்றத் தயங்க வேண்டாம். காட்டெருமையும் சோலைமந்தி எனும் சிங்கவால் குரங்கும் கரியவை. கேமராவின் ஒளியளவி அவற்றைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், எனவே ஒளியளவை இரண்டு மூன்று விதமாக மாற்றிச் சோதித்து, முக்கால் ஸ்டாப்பாவது குறைத்தே எடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை அப்படியே மழைக்காட்டின் ஈரக்காற்றுக்குள் எடுத்துப் போய், கண்ணாடி வியர்த்து, முதல் இருவாச்சிப் பறவை தலைக்குமேல் போனதைத் துடைத்த துணியோடு பார்த்து நின்றவன் நான். பையை மூடியபடி அரை மணி நேரம் வெளியே வைத்தபின் திறப்பதே சரி.

வழிகாட்டிகளில் பலர் காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடிகளைச் சேர்ந்தவர்கள். 'கைடு' என்று விரலைச் சொடுக்காமல், 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பேரைக் கேட்டுப் பழகுங்கள். டாப்சிலிப்பில் ஒருவர் என்னிடம், "கேமராவெ மடியில வெச்சுப்போட்டு மந்தி கத்தறதக் கேளுங்க" என்றார். கருமந்தி கனைத்த திசையில் வேனை நிறுத்தச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துச் செந்நாய்கள் நான்கு வரிசையாகச் சாலையைக் கடந்தன. பக்கத்தில் கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பராமரிப்பவர்களும் மலசர்களே. 2023இல் பணி ஓய்வு பெற்ற கும்கி யானை கலீமுக்கு வனத்துறையினர் அணிவகுத்து மரியாதை செலுத்தியது அங்கேதான்.

வால்பாறைக்குக் கூடாரம் தேவையில்லை, தோட்டத்துப் பங்களாவே போதும். ஆழியாற்றிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதன் அருகே வரையாடுகள் சாலையோரத் தடுப்புச் சுவரிலேயே நிற்கும். காலை ஏழு மணிக்கு முன் போனால் கூட்டமில்லை. புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திகள் வீட்டுக் கூரைகளில் ஓடும், அவை சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். தின்பண்டம் நீட்டிப் படம் எடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். கைநீட்டும் மந்திதான் அடுத்த வாரம் வண்டிச் சக்கரத்தில் கிடக்கும். டிசம்பர் தொடங்கிக் கோடை வரை இருவாச்சி கூடு கட்டும் காலம், பெட்டை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு ஆண் கொண்டுவரும் அத்திப்பழத்தை நம்பியிருக்கும். பொந்தருகே ஆள் நின்றால் ஆண் இறங்கத் தயங்கும். எனவே கூட்டை விட்டுவிட்டு, பழுத்த அத்திமரம் எது என்று விசாரித்து அதன்கீழ் காத்திருங்கள். மாலையில் தோட்டச் சாலைகளில் சிவப்பு விளக்கு மினுக்கினால் அருகில் யானை நிற்கிறது என்று பொருள், திரும்பிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் பெட்டியைக் கட்டும் முன் பிள்ளைகளின் பைகளை ஒருமுறை பாருங்கள். தோப்பில் பொறுக்கிய மயிலிறகும் காட்டோரத்தில் கிடந்த மான்கொம்புத் துண்டும் அதில் இருக்கக்கூடும். மான்கொம்பை வைத்திருப்பதே குற்றம், மயிலிறகை நாட்டைவிட்டுக் கொண்டுபோக அனுமதியில்லை. பீன்பேக்கில் இருக்கும் கொள்ளை அத்தையிடம் கொடுத்துவிட்டால், கிளம்பும் நாளில் கொள்ளுப்பருப்பும் ரசமும் வைத்துக்கொடுப்பார்கள்.