சீஸ்: வாங்குவதில், வைப்பதில், உருக்குவதில் நேரும் தவறுகள்

பீட்சா மேல் குளம் மாதிரி தண்ணீர் நிற்கிறது. பாஸ்தாவில் போட்ட சீஸ் கட்டி கட்டியாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய துண்டு வாயில் மெழுகாக இருக்கிறது. இப்படிக் குறை சொல்பவர்களின் சமையலறையில் பெரும்பாலும் சீஸ் மேல் தப்பு இருக்காது. எல்லாச் சீஸையும் ஒரே பொருளாகக் கருதியதுதான் தப்பு. புது மொட்ஸரெல்லாவில் பாதிக்கு மேல் தண்ணீர். இரண்டு வருடம் பழுத்த, இத்தாலியின் கெட்டிச் சீஸான பார்மிஜானோ ரெஜ்ஜானோவிலோ மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டையும் ஒரே மாதிரி மூடி வைத்து, ஒரே சூட்டில் போட்டால் ஒன்றாவது கெடத்தான் செய்யும்.

பாக்கெட்டின் பின்பக்கம்

கடையில் 'சீஸ்' என்று கிடைக்கும் கியூப், ஸ்லைஸ், டின் எல்லாம் பெரும்பாலும் புராசஸ்டு சீஸ். செடார் போன்ற சீஸை உருக்கி, சோடியம் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்புகள் சேர்த்து மறுபடி அச்சில் ஊற்றியது. அந்த உப்புகள்தான் கொழுப்பையும் புரதத்தையும் பிரியாமல் பிடித்து வைக்கின்றன. அதனால் சாண்ட்விச்சுக்கும் சீஸ் தோசைக்கும் அது நன்றாகவே பொருந்தும். இழுத்தால் நூல் மாதிரி வருமா என்றால் வராது. பீட்சாவுக்கு அதைத் துருவிப் போட்டுவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய. சேர்மானப் பட்டியலில் பாமாயில், வெஜிடபிள் ஃபேட் என்று இருந்தாலோ, பெயருடன் 'அனலாக்' என்று இருந்தாலோ அது பாலிலிருந்து வந்த கொழுப்பு அல்ல. விலை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

சைவம் சாப்பிடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பார்மிஜானோ, கிரானா பதானோ, சுவிட்சர்லாந்தின் க்ரூயேர் எல்லாமே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் பாலை உறைய வைத்துச் செய்பவை. இத்தாலியின் செம்மறியாட்டுச் சீஸான பெக்கோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட்; பிரான்சின் நீலச் சீஸான ரோக்ஃபோருக்கும் விலங்கு ரென்னெட்தான். இவற்றில் சைவ வகை என்று ஒன்று கிடையாது, விதிமுறையே அப்படி. பச்சைப் புள்ளி போட்ட இந்தியத் தயாரிப்புகளில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கும். 'பார்மிசான்' என்று மெனுவில் பார்த்ததும் சைவம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

உப்புநீரில் வரும் வெள்ளைச் சீஸான ஃபெட்டாவிலும் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002 முதல் கிரீஸில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். அதில் குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால். பசும்பாலில் செய்து அதே பெயரில் விற்பது சாலடுக்கு மோசமில்லை. ஆனால் அந்தப் புளிப்பும் மணமும் அதில் வராது.

ஃபிரிட்ஜில் வைக்கும் விதம்

பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றி ஃபிரிட்ஜ் கதவில் செருகி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடும் குளிரும் மாறி மாறி அடிக்கும். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் வியர்த்துப் பூஞ்சை வரும். செடார், கௌடா, க்ரூயேர் போன்றவற்றைப் பட்டர் பேப்பரில் சுற்றி, மூடி லேசாகத் திறந்த டப்பாவில் போட்டு, காய்கறித் தட்டில் வையுங்கள். நீல நரம்போடிய சீஸுக்குத் தனி டப்பா. அதன் பூஞ்சை பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

உப்புநீரில் வரும் சீஸ்களை அந்த நீரிலேயே வைக்க வேண்டும். ஃபெட்டா டப்பாவின் நீரைக் கொட்டிவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 70 கிராம் உப்பு கரைத்து அதில் மூழ்க வையுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து கரைந்து வெளியேறி, மேல்பக்கம் கொழகொழவென்று ஆகிவிடும். புது மொட்ஸரெல்லாவைத் திறந்தால் இரண்டு நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது.

ஃப்ரீசரில் போடலாமா? பனிக்கட்டித் துகள்கள் உள்ளே இருக்கும் புரத வலையைக் கிழித்துவிடும். இளகிய பிறகு உதிரியாகத்தான் இருக்கும். துருவிய பீட்சா மொட்ஸரெல்லா உருகப் போகிறது என்பதால் அதற்குப் பாதகமில்லை. மென்மையான பிரெஞ்சுச் சீஸான ப்ரீயை ஃப்ரீசரில் வைத்தால் போச்சு.

பூஞ்சை பிடித்துவிட்டால், கெட்டியான சீஸில் அந்த இடத்தைச் சுற்றியும் ஆழத்திலும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். கத்தி பூஞ்சையைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்மையான சீஸ், துருவியது, ஸ்லைஸ் இவற்றில் வந்தால் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அதே சமயம் பழுத்த கௌடாவிலும் பார்மிஜானோவிலும் வெள்ளை மணிகள் தெரிந்தால் பதற வேண்டாம். புரதம் சிதைந்து உருவாகும் டைரோசின் படிகங்கள் அவை. கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். நன்றாகப் பழுத்ததற்கு அடையாளம். அதைப் பூஞ்சை என்று சுரண்டி எறிகிறவர்கள் காசு கொடுத்து வாங்கியதில் நல்ல பகுதியைத்தான் எறிகிறார்கள்.

சில்லென்று தின்பதும், தப்பாக வெட்டுவதும்

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வாயில் போட்டால் கொழுப்பு உறைந்திருக்கும், மணம் வெளியே வராது. மெழுகு மாதிரி இருந்தது என்ற புகாரில் பாதி இதனால் வருவது. ஐரோப்பியப் புத்தகங்களில் ஒரு மணி நேரம் வெளியே வைக்கச் சொல்வார்கள். அவர்கள் வீட்டு வெப்பநிலை 18, 20 டிகிரி. சென்னை மே மாதத்தில் அப்படி வைத்தால் எண்ணெய் கசிந்து ஓரம் தொய்ந்துவிடும். 15, 20 நிமிடம் தாராளம். புது மொட்ஸரெல்லாவும், உள்ளே கிரீம் வைத்த அதன் வகையான புர்ராட்டாவும் அவற்றின் நீரிலேயே கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். பிறகு எடுத்து வடித்து, தக்காளியோடு அடுக்கி, உப்பைக் கடைசி நொடியில் தூவுங்கள். முன்பே தூவினால் தட்டு முழுக்க நீர்.

ப்ரீயின் முக்கோணத் துண்டில் கூர்முனையை வெட்டி எடுத்துக்கொள்வது பிரான்சில் மரியாதைக் குறைவு. வட்டத்தின் நடுவில் இருக்கும் முனையைத்தான் சிறந்த பகுதியாகக் கருதுகிறார்கள். நீளவாக்கில் வெட்டினால் எல்லோருக்கும் நடுப்பகுதியும் தோலும் கிடைக்கும். அந்த வெள்ளைத் தோலைச் சாப்பிடலாம். கௌடாவின் மெழுகைச் சாப்பிடக் கூடாது. பார்மிஜானோவைக் கத்தியால் சீவாமல், குட்டையான கத்தியைக் குத்தி நெம்பி உடைப்பார்கள். கரடுமுரடான துண்டுக்கு வாயில் தனி ருசி. அதன் தோலையும் எறியாதீர்கள். கழுவிச் சுரண்டி, பீன்ஸ் அல்லது காய்கறி சூப் கொதிக்கும்போது ஒரு மணி நேரம் உள்ளே கிடக்கட்டும். நெதர்லாந்தில் கௌடாவையும் நார்வேயில் பழுப்பு நிற ப்ரூனோஸ்டையும் காகிதம் போல இழைத்துத்தான் ரொட்டி மேல் வைப்பார்கள். அதற்கான இழைப்புக் கத்தியை 1925-இல் நார்வேக்காரரான தோர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர் உருவாக்கினார். கனமாக வெட்டினால் ப்ரூனோஸ்ட் திகட்டும். இனிப்புச் சீஸ் அது.

உருக்கும்போது

அதிகம் கெடுவது இங்கேதான். சீஸ் என்பது கேசின் என்ற புரதத்தின் வலை; கால்சியம் அதைப் பிணைத்திருக்கிறது; வலைக்கண்களில் கொழுப்பும் நீரும். சுமார் 55 டிகிரியில் மொட்ஸரெல்லா உருகும், செடாருக்கு 65 வேண்டும், பார்மிஜானோ 80-ஐத் தாண்ட வேண்டும். அதற்கு மேலும் கொதிக்க விட்டால் வலை சுருங்கி கொழுப்பைப் பிழிந்து வெளியே தள்ளும். அடியில் ரப்பர், மேலே எண்ணெய். பழுத்த சீஸில் நீர் குறைவு என்பதால் இது சீக்கிரம் நடக்கும். மக்ரோனிக்கு வெள்ளை சாஸ் செய்பவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துருவலைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்தால் போதும். கடையில் துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள்; சாஸ் மாவு மாவாக இருந்தால் அதுதான் காரணம்.

உருக்கிய சீஸில் ரொட்டியை முக்கிச் சாப்பிடும் சுவிஸ் ஃபோன்ட்யூவில் இந்தச் சிக்கலுக்கு விடையும் இருக்கிறது. நான்கு பேருக்கு 400 கிராம் க்ரூயேர், 400 கிராம் வாஷ்ரான் ஃப்ரிபூர்ஜ்வா (இன்னொரு சுவிஸ் சீஸ்), 350 மில்லி புளிப்பான வெள்ளை ஒயின், ஒரு மேசைக்கரண்டி சோள மாவு. பூண்டை வெட்டிப் பாத்திரத்தின் உட்புறம் தேய்த்து, ஒயினைச் சூடாக்கி, மாவில் புரட்டிய துருவலைச் சிறிது சிறிதாகப் போட்டு, எட்டு வடிவில் கிண்ட வேண்டும். ஒயினின் அமிலம் கால்சியத்தைப் பிடித்து இழுத்துப் புரதங்களைத் தளர்த்துகிறது. மாவு மறுபடி அவை ஒட்டாமல் தடுக்கிறது. ஒயின் வேண்டாம் என்றால் ஆப்பிள் ஜூஸில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. வெறும் பால் ஊற்றினால் அமிலம் இல்லாமல் திரியும். திரிந்துவிட்டால் கொட்ட வேண்டாம். ஒரு கரண்டி சோள மாவை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து ஊற்றி, தீயைச் சற்றே கூட்டி வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். சாப்பிடும்போது சில்லென்ற தண்ணீர் குடிக்கக் கூடாது, தேநீர்தான் என்று சுவிஸ் வீடுகளில் சொல்வார்கள். அதைப் பின்பற்றுவது உங்கள் விருப்பம்.

ரோமின் பாஸ்தா வகையான காச்சியோ எ பெப்பே இன்னும் முரண்டு பிடிக்கும். பெக்கோரினோ, மிளகு, பாஸ்தா வெந்த நீர், அவ்வளவுதான். கொதிக்கும் நீரைச் சீஸ் மேல் ஊற்றியதும் கட்டியாகிவிடும். இதை ஆராய்ந்த இயற்பியலாளர்களுக்கு 2025-இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது: சீஸ் எடையில் 2 முதல் 3 சதவீதம் ஸ்டார்ச் இருந்தால் சாஸ் திரியாது; ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் திரளும். பாஸ்தா வெந்த நீரில் அந்த அளவு ஸ்டார்ச் கிடைக்கும் என்று நம்ப முடியாது. இருவருக்கு 240 கிராம் பாஸ்தா, 160 கிராம் பெக்கோரினோ என்று வைத்துக்கொண்டால், 4 கிராம் சோள மாவை 40 மில்லி தண்ணீரில் கரைத்து, கூழாகும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, சீஸோடு மிக்ஸியில் அரைக்க வேண்டும். வெந்த பாஸ்தாவை வடித்து ஒரு நிமிடம் ஆறவைத்து, அடுப்புக்கு வெளியே கலக்கவும். பெக்கோரினோவே கரிப்பு, பாஸ்தா வேகும் நீரில் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

பீட்சாவுக்குப் புது மொட்ஸரெல்லா போட ஆசைப்பட்டால், துண்டாக்கி வடிதட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வடியவிட வேண்டும். நேபிள்ஸில் 450 டிகிரி அடுப்பில் ஒன்றரை நிமிடத்தில் வேலை முடிகிறது. வீட்டு ஓவனின் 250 டிகிரியில் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அது நீர் விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு நீர் குறைந்த 'பீட்சா மொட்ஸரெல்லா'தான் ஏற்றது என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

உருகவே உருகாதவையும் உண்டு. அமிலத்தால் திரித்த பனீரில் புரதங்களைப் பிணைக்கும் கால்சியம் கரைந்து போயிருக்கும். எவ்வளவு சூடாக்கினாலும் இறுகத்தான் செய்யும். சைப்ரஸின் ஹலூமியின் கட்டிகளைச் செய்யும்போதே கொதிநிலைக்கு அருகில் அதன் நீரிலேயே வேகவைத்துவிடுவதால் தோசைக்கல்லிலும் உருவம் கலையாது. நீரைத் துடைக்காமல், எண்ணெய் நிறைய ஊற்றி வறுப்பது அதில் வழக்கமான பிழை. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டி, துணியால் ஒற்றி, காய்ந்த கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ஆறினால் ரப்பர், உடனே சாப்பிடுங்கள். வெயில் காலத்தில் சைப்ரஸ்காரர்கள் தர்பூசணியோடு சாப்பிடுவார்கள். அந்த உப்புக்கு இந்த இனிப்பு அருமையாகப் பொருந்தும்.

யார் தவிர்க்க வேண்டும், யார் வீணாகத் தவிர்க்கிறார்கள்

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லாச் சீஸையும் ஒதுக்கிவிடுகிறார்கள். லாக்டோஸ்தான் பிரச்சினை என்றால், நன்கு பழுத்த செடார், பார்மிஜானோ, க்ரூயேரில் அது ஏறக்குறைய இல்லை. நீரோடு பெரும்பகுதி வெளியேறி, மீதியைப் பாக்டீரியா தின்றுவிடுகிறது. பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

கர்ப்பிணிகள் விஷயம் வேறு. ப்ரீ, கமாம்பேர், மென்மையான நீலச் சீஸ்கள், பச்சைப் பாலில் செய்த மென்மையான சீஸ்கள் இவற்றில் லிஸ்டீரியா என்ற நோய்க் கிருமி வளரும் வாய்ப்பு உண்டு. ஃபிரிட்ஜ் குளிரிலும் அது பெருகும். கமாம்பேரை ஓவனில் வைத்துச் சாப்பிடும் வழக்கம் இருக்கிறது: பிளாஸ்டிக், காகித உறையைக் களைந்து, மரப்பெட்டியிலேயே வைத்து 180 டிகிரியில் 15, 20 நிமிடம். கர்ப்பிணி சாப்பிடுவதானால் ஓரம் இளகினால் போதாது, நடுவிலும் ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாகியிருக்க வேண்டும்.