பின்னறைக்கு இணையம் எட்டவில்லையா? வைபையா பவர்லைனா என்று முடிவெடுக்கும் முறை

ரவுட்டர் முன் விறாந்தையில், பிள்ளையின் மேசை கடைசி அறையில், நடுவில் மூன்று சுவர். கல்லடியிலும் கல்முனையிலும் இப்படி எத்தனையோ வீடுகள். கடையில் கேட்டால் ஒருவர் வைபை மெஷ் வாங்கச் சொல்வார், இன்னொருவர் பவர்லைன் அடாப்டர் வாங்கச் சொல்வார். ரவுட்டரின் வைபையை வாங்கி மற்ற அறைகளுக்குக் கடத்தும் கூடுதல் பெட்டிதான் மெஷ். வீட்டு மின்வயர் வழியாகவே இணையத்தைக் கடத்தும் சோடிப் பெட்டிதான் பவர்லைன். ஒன்று ரவுட்டருக்குப் பக்கத்தில், மற்றது தூரத்து அறையில். எதற்கும் காசு கொடுக்க முன்னர் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

படி 1: அளந்து பாருங்கள்

போனுடன் ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீட் டெஸ்ட் ஓட விடுங்கள். பிறகு பின்னறையில். ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வேகம் இல்லையென்றால் கோளாறு இணைப்பில் அல்லது பெக்கேஜில். எந்தப் பெட்டியும் அதைத் தீர்க்காது.

படி 2: ரவுட்டரை நகர்த்துங்கள்

இதற்குச் செலவே இல்லை, ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. வயர் உள்ளே வரும் மூலையில், டிவிக்குப் பின்னால், இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் ரவுட்டர் ஒளிந்திருக்கும். வீட்டின் நடுப்பகுதிக்கு, நெஞ்சளவு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். வைபை பொதுவாக 5 கிகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வரும். 5 வேகமானது, சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், ஆனால் காத்தான்குடி போல வீடுகள் நெருங்கிய இடத்தில் அக்கம்பக்கத்து வைபைகள் எல்லாம் அதே அலைவரிசையில் மோதும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் (அலைவரிசையின் உட்பிரிவுகள்) நெரிசல் குறைந்ததைத் தெரிவு செய்யுங்கள்.

படி 3: வயரிங்கைப் பாருங்கள்

பவர்லைன் சரிவருமா என்பது இங்கேதான் தெரியும்.

பின் அனெக்ஸுக்குத் தனி மீற்றர் என்றால் பவர்லைனை மறந்துவிடுங்கள். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் இரண்டு அறைகளும் வெவ்வேறு பேஸில் இருந்தால் சிக்னல் மிகவும் மெலிந்துவிடும். பழைய உருண்டைப் பின் சொக்கெட்டும், அங்கங்கே ஒட்டுப்போட்ட வயரும் உள்ள வீட்டிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஹோம்பிளக் ஏவி2 என்ற பவர்லைன் தரத்தில், மைமோ (ஒரே நேரத்தில் பல வயர் வழிகளில் அனுப்பும் முறை) உள்ள அடாப்டர்கள் எர்த் வயரையும் சேர்த்துப் பயன்படுத்தும். எர்த் இல்லாவிட்டால் அந்தப் பலன் கிடைக்காது. மின்சாரத்தை அறைகளுக்குப் பிரிக்கும் டிபி பெட்டியின் மூடியை நீங்களே கழற்ற வேண்டாம், வயரிங் செய்தவரிடம் கேளுங்கள்.

படி 4: பொருத்திப் பாருங்கள்

திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கும் கடையில் வாங்குங்கள். பெட்டியில் 600 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) என்று போட்டிருப்பது இரு திசைக்கும் சேர்த்த ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது அதில் ஒரு பங்குதான். அந்த 600 மொடல்கள் பலவற்றில் கேபிள் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே.

1. இரண்டையும் முதலில் ஒரே அறையில் சுவர் சொக்கெட்டில் நேரடியாகச் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டும், மின்னழுத்தம் திடீரென எகிறும்போது காக்கும் சர்ஜ் புரொடெக்டரும் சிக்னலை விழுங்கிவிடும்.
2. ஒன்றில் சோடி சேர்க்கும் (Pair) பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதிலும் அழுத்துங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் சோடி சேர்ந்துவிட்டது.
3. ஒன்றை ரவுட்டருடன் கேபிளால் இணைத்து, மற்றதைப் பின்னறைக்குக் கொண்டுபோய் லெப்டொப்பைக் கேபிளில் செருகி அளவுங்கள்.
4. கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டு மறுபடி அளவுங்கள். சில வீடுகளில் வேகம் அப்படியே சரியும். மலிவான போன் சார்ஜரும் இதே வேலையைச் செய்யும்.

கரண்ட்டும் இடியும்

கரண்ட் போனாலும் ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் வைபையில் வேலையைத் தொடரலாம். பின்னறைப் பவர்லைனோ அந்த நொடியே செத்துவிடும். ஐப்பசி இடிமின்னல் நேரம் இரண்டு அடாப்டர்களையும் கழற்றி வையுங்கள். சர்ஜ் புரொடெக்டருக்குப் பின்னால் போட முடியாததால் அவற்றுக்குக் காவல் இல்லை.

சரி, எதை வாங்குவது? மூன்று நான்கு அறை ஓட்டு வீட்டுக்கு வைபைதான், தேவைப்பட்டால் ஒரு மெஷ் பெட்டி கூடுதலாக. சிலாப் போட்ட மாடி, ஒரே மீற்றர், புது வயரிங் என்றால் பவர்லைனைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டையும் தோற்கடிப்பது ரவுட்டரிலிருந்து நேராக இழுக்கும் கேட்6 நெட்வேர்க் கேபிள், 100 மீற்றர் வரை தாராளமாகப் போகும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சுக்கு முன் அதற்கொரு தனிக் குழாய் போடச் சொல்லுங்கள். கரண்ட் வயர் போகும் குழாய்க்குள் செருக விடாதீர்கள்.