பழைய 1:12 ரேஸ் கார் கிட்டை மீட்டெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண், எனாமல் தூக்கு எல்லாம் பார்த்து முடித்த பிறகு, மூலையில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்கள் பிள்ளைகளுக்கு வாங்கி வந்த, பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கார் கிட்கள் அபூர்வமாக அங்கே வந்து சேரும். பெரும்பாலும் பாதி ஒட்டி, கனமாகப் பெயிண்ட் அப்பி, பரணில் போட்டு மறந்ததாக இருக்கும். அதைக் குப்பை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐம்பது வருடப் பிளாஸ்டிக்கை மறுபடி நிமிர்த்தி உட்கார வைக்க முடியும். அதற்கு வேண்டிய சாமான்களில் பாதிக்கு மேல் நம் ஊர் ஹார்டுவேர் கடையிலும் மெடிக்கல் ஷாப்பிலுமே கிடைக்கும்.

உதாரணத்துக்கு, கானாடுகாத்தானில் அம்மான் வீட்டு மாடி அறையிலிருந்து எனக்குக் கிடைத்த டமியா என்ற ஜப்பானியக் கிட் நிறுவனத்தின் டைரல் பி34-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1976, 1977 சீசன்களில் ஃபார்முலா 1-இல் ஓடிய ஆறு சக்கரக் கார் அது. டெரக் கார்ட்னர் வடிவமைத்தது. முன்சக்கரங்களைச் சிறிதாக்கி மூக்குப் பகுதியின் அகலத்துக்குள் ஒளித்துவிட்டால் காற்றின் தடை குறையும் என்பது அவருடைய கணக்கு. சின்னச் சக்கரம் இரண்டு மட்டும் இருந்தால் பிடிமானம் போதாது, அதனால் 10 அங்குலச் சக்கரங்கள் நான்கு. 1976 ஸ்வீடன் கிராண்ட் பிரியில் ஜோடி ஷெக்டர் முதலிடம், அதே அணியின் பாட்ரிக் டெப்பாயே இரண்டாமிடம். 1:12 அளவில், அதாவது நிஜக் காரில் பன்னிரண்டில் ஒரு பங்காக, இந்தக் கார் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம் வரும். உங்களிடம் இருப்பது வேறு கார் என்றாலும் வேலை இதேதான்.

வாங்கும்போது

"அண்ணே, கொட்டிப் பாத்துக்கலாமா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு துணி விரித்து எல்லாவற்றையும் கொட்டுங்கள். செய்முறைப் புத்தகம், டீகால் தாள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் உள்ள தாள்), முன் கண்ணாடி, டயர்கள், இந்த நான்கும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உடைந்த பாகத்தைச் செய்துகொள்ளலாம். காணாமல் போன டயரைச் செய்வது கஷ்டம். பாகங்கள் ஒட்டியிருந்த காலிச் சட்டம், அதாவது ஸ்ப்ரூ, கிடந்தால் ஒரு துண்டு விடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனைக்கும் அதுதான் பலி.

வீட்டுக்கு வந்ததும் டீகால் தாளையும் செய்முறைப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்துவிடுங்கள், 600 டிபிஐ இருந்தால் நல்லது. தாள் பொடிந்தாலும் அதே டிசைனைப் புதிதாக அச்சடிக்க அந்தக் கோப்பு போதும்.

கழுவுதல்

நம் செம்மண் தூசி மூலை முடுக்கெல்லாம் ஏறியிருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ். சல்லடை வைத்து வடியுங்கள், சின்ன பாகம் சாக்கடைக்குப் போகாது. வெயிலில் காய வைக்க வேண்டாம், தாழ்வாரத்து நிழல் போதும்.

பிரித்தெடுத்தல்

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். புதியவர்கள் பலர் பழைய வேலைக்கு மேலேயே உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்து, முடித்துவிடப் பார்ப்பார்கள். வேண்டாம். கோணலாக ஒட்டிய இன்ஜினுக்கு மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் கோணல் கோணல்தான்.

எந்தப் பசை என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்தக் காலத்து டியூப் பசை மூட்டின் ஓரத்தில் மஞ்சளாக, கட்டியாகப் பிதுங்கி நிற்கும். மேலோட்டமாக ஒட்டியிருந்தால் இது எளிது. பாகத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் சில மணி நேரம் வையுங்கள். குளிரில் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்த உடனே மூட்டுக்குள் மெல்லிய சவரப் பிளேடைச் செருகி, லேசாகத் திருகினால் 'டக்' என்று விடும். வரவில்லை என்றால் பலம் காட்டாமல் மறுபடி உள்ளே வையுங்கள். ஃபெவிக்விக் போட்டிருந்தாலும் இதே வழிதான்.

தண்ணீர் போன்ற திரவப் பசை வேறு விதம். அது இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அங்கே மூட்டு என்று ஒன்றே இல்லை, அறுக்கத்தான் வேண்டும். மெல்லிய பல்லுள்ள ரம்பத்தால் பழைய கோட்டின் மேலேயே அறுங்கள். அறுத்ததில் போகும் தடிமனைப் பின்னால் பிளாஸ்டிக் தாள் வைத்து ஈடுகட்டலாம். இன்ஜினுக்குள்ளே, வெளியில் தெரியாத இடத்தில் நன்றாகவே ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

பிரித்த ஒவ்வொன்றையும் மாத்திரை டப்பா, ஜிப் பை என்று தனித்தனியாகப் போட்டு, புத்தகத்தில் உள்ள பாக எண்ணை எழுதி ஒட்டுங்கள்.

பழைய பெயிண்டை எடுத்தல்

எந்தத் திரவமானாலும் முதலில் ஸ்ப்ரூ துண்டில் ஒரு நாள் ஊறவைத்துப் பாருங்கள். துண்டு பிசுபிசுத்தாலோ மங்கினாலோ அந்தத் திரவம் வேண்டாம். பெயிண்ட் கடை தின்னரும், நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோனும் இந்தப் பிளாஸ்டிக்கைக் கூழாக்கிவிடும்.

அக்ரிலிக் பெயிண்ட் என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். எனாமல் என்றால், பழைய கிட்களில் பெரும்பாலும் எனாமல்தான், டூவீலர் உதிரிபாகக் கடையில் விற்கும் டாட் 3 பிரேக் ஆயில் நன்றாக வேலை செய்யும். மூடியுள்ள டப்பாவில் ஊற்றி, பாகத்தை முக்கி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை பிரஷால் தேய்த்துப் பாருங்கள். கையுறை கட்டாயம். கதவு, பீரோ பெயிண்டின் மேல் ஒரு சொட்டு பட்டாலும் அதையும் அரித்துவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடி பாகங்களை மட்டும் இதில் எதிலும் முக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் மட்டும்.

குரோம் பாகங்கள்

அக்காலக் கிட்கள் பலவற்றில் சஸ்பென்ஷன் கம்பிகள், எக்ஸாஸ்ட் குழாய்கள் குரோம் பூச்சோடு வரும். காலப்போக்கில் அது உரிந்து, தேமல் போல் தெரியும். 'சிக்ரி' என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்கு மின்முலாம் பூச முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மின்முலாம் பூச அடியில் மின்சாரம் கடத்தும் பரப்பு வேண்டும், பிளாஸ்டிக் கடத்தாது. கிட்டில் இருப்பது உண்மையில் குரோமியமே இல்லை. வெற்றிட அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்த மெல்லிய படலம்தான்.

அலுமினியம் என்பதால் எடுப்பது எளிது. துணிக்குப் போடும் ப்ளீச் திரவத்தில் ஓர் இரவு போட்டால் பளபளப்பு கரைந்துவிடும். அதனோடு டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். அடியில் வார்னிஷ் போல ஒரு படலம் மிஞ்சும், அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

என் அபிப்பிராயம், மறுபடி கண்ணாடி போல் மின்ன வைக்க வேண்டாம். நிஜ ரேஸ் காரின் கம்பிகளில் தெரிவது நிக்கல் பூச்சின் அடக்கமான மினுக்கு. மெட்டாலிக் பெயிண்ட் அதற்கு இன்னும் நெருக்கம். குரோம் நன்றாக இருந்து அப்படியே வைத்துக்கொள்வதானால், ஒட்டும் முகத்தில் மட்டும் கத்தியால் சுரண்டிவிடுங்கள். குரோமின் மேல் பிளாஸ்டிக் பசை பிடிக்காது.

வளைந்ததும் உடைந்ததும்

வளைந்த விங், தரைத்தட்டு போன்றவற்றைக் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில், கொதிநீரில் அல்ல, சிறிது நேரம் முக்கி, சமதளத்தில் அழுத்திப் பிடித்து, குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள்.

உடைப்பை அதே பொருளால் சரிசெய்யுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினால் சில வருடத்தில் பொருக்காக உதிர்வதை நம் வீடுகளில் பார்க்கிறோம். இங்கேயும் அப்படித்தான். பிளாஸ்டிக் விரிசலுக்குப் பிளாஸ்டிக் பசை. இடைவெளிக்கு, ஸ்ப்ரூவைப் பொடியாக நறுக்கித் திரவப் பசையில் ஊறவைத்து வரும் குழம்பு. அது காய்ந்த பிறகு சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒரே சீராகத் தேயும். எம்-சீல் நல்ல பொருள்தான், ஆனால் பிளாஸ்டிக்கைவிடக் கடினம், தேய்க்கும்போது மேடு நிற்கும். முழுதாகக் காணாமல் போன ஒரு பாகத்தை உருட்டிச் செய்ய மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்த திருகுகளுக்கு வாட்ச் அல்லது மொபைல் ரிப்பேர் கடையில் கேட்டால் அளவுக்குப் பொருந்துவது கிடைக்கும். வினைல் குழாய்கள் விறைத்துப் போயிருந்தால் பழைய இயர்போன் வயரை நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள்.

பெயிண்ட்

முதலில் எந்த வருடக் கார் என்று முடிவு செய்யுங்கள். 1976-இல் ஷெக்டருக்கு எண் 3, டெப்பாயேவுக்கு 4. 1977-இல் டெப்பாயே அதே 4, எண் 3-இல் ரோனி பீட்டர்சன். வண்ண அமைப்பும் மாறியது. 1976 உடம்பில் 1977 ஸ்டிக்கர் ஒட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு உறுத்தும்.

சாம்பல் நிற பிரைமர் அவசியம். கார் டச்-அப் ஸ்பிரே பயன்படுத்துவதானால் இன்னும் அவசியம், அதிலுள்ள தின்னர் வெறும் பிளாஸ்டிக்கை அரிக்கும். வெளிர் நிறத்தை முதலில் அடித்து, டேப் போட்டு மூடி, அடர் நிறத்தைப் பிறகு அடியுங்கள். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தடவை.

நாள் பார்ப்பது முக்கியம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் பெயிண்டின் மேல் வெள்ளை பூத்துவிடும். சித்திரை மதியத்தில் அடித்தால் துளி காற்றிலேயே காய்ந்து, உடம்பு சொரசொரப்பாகும். தை, மாசி மாதத்தில், பனி விலகிய பிறகான காலை நேரம்தான் சரி. முற்றத்தில் தூசி பறக்கும், காற்றோட்டமுள்ள தாழ்வாரம் நல்லது. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

டீகால்

நம் வெயில் உதவி செய்யும் ஒரே வேலை இது. மஞ்சளித்த டீகால் தாளை ஜிப் பையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவையுங்கள். நாள்பட மஞ்சள் வெளுக்கும். தேவையில்லாத ஒரு சின்ன எழுத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டாகப் பிரிந்தால், தாள் முழுவதற்கும் மெல்லிய கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு டீகாலையும் ஓரத்தை ஒட்டிக் கத்தரித்துப் பயன்படுத்துங்கள்.

மறுபடி பூட்டுதல்

பி34-இன் காஸ்வொர்த் டி.எஃப்.வி இன்ஜின், 2993 சிசி வி8, காரின் முதுகெலும்பிலேயே ஒரு பகுதி. ஓட்டுநர் உட்காரும் தொட்டியின் பின்சுவரில் இன்ஜினை நேரடியாகப் பூட்டியிருப்பார்கள். பின் சஸ்பென்ஷனின் பாரத்தையும் அதுதான் தாங்கும். கிட்டிலும் அப்படியே. இன்ஜினும் தொட்டியும் சேரும் அந்த ஒரு மூட்டு இம்மியளவு கோணினால், கடைசியில் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அதனால் ஒட்டும் முன் சக்கரங்களைத் தற்காலிகமாக மாட்டி, தடித்த கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஆறும் கண்ணாடியைத் தொட்ட பிறகே பசை. அதுவரை டேப் தாங்கட்டும்.

டயர்களுக்கு ஒரு விசேஷ கவனம். பழைய வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்த் தன்மையுள்ள ரசாயனம், நாளடைவில் பிளாஸ்டிக் ரிம்மை உருக்கிவிடும். டயர் உட்காரும் பள்ளத்தில் சமையல் அலுமினியத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டிச் சுற்றிவிட்டு டயரை மாட்டுங்கள். வெளியே தெரியாது.

காட்சிக்கு வைக்கும்போது உடம்பின் அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, டயர்கள் பாரம் தாங்காமல் கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்யுங்கள். கண்ணாடிப் பெட்டி நேர் வெயிலிலோ தகரக் கூரைக்கு அடியிலோ இருக்கக் கூடாது. பூச்சிக்குப் பயந்து பெட்டிக்குள் பாச்சை உருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்த நாப்தலின் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கைத் தாக்கி மேல்பரப்பைப் பிசுபிசுக்க வைக்கும். பட்டுப்புடவை இருக்கும் பீரோவிலும் காரை வைக்காதீர்கள்.